தாடையில் வைத்த பிளேட்டு துருப்பிடிக்குமா?

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் ஏரியாப் பையன்களுக்கு பாக்ஸிங் சொல்லிக்கொடுப்பவர். பதினொரு மாதத்துக்கு முன்னால் பயிற்சியில் பல்லுக்கு கார்டு போடாமல் இறங்கியிருக்கிறார். ஒரே குத்து, கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. இடது பக்கம் காதுக்குக் கீழே தாடை திரும்பும் மூலையில் ஒன்று, வலது பக்கம் கோரைப்பல்லை ஒட்டி ஒன்று. ஆபரேஷன் செய்து மூன்று டைட்டானியம் பிளேட்டு வைத்திருக்கிறார்கள். எலும்பு கூடிவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறார். இப்போது கவலை வேறு. இடது பக்கம் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஈறில் சாம்பல் நிறமாக ஒரு கோடு தெரிகிறது. மார்கழிக் குளிரில் தாடை குடைகிறது. போதாததற்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர், "உடம்பு இரும்பை ஏத்துக்காதுப்பா. எனக்கு வெச்சதை எடுத்தப்போ உள்ளே ஒரே கரியா இருந்துது. வருஷத்துக்குள்ள எடுத்துடு, இல்லேன்னா ரத்தத்துல கலந்துடும்" என்று சொல்லி வீட்டையே கலக்கிவிட்டார்.

தம்பி, நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். முகத்தாடை அறுவை சிகிச்சைதான் என் தொழில். பிளேட்டு வைத்தும் இருக்கிறேன், எடுத்தும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் பயத்தோடு கடைசி வரை படிக்க வேண்டாம் என்பதற்காக முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு வைத்த டைட்டானியம் துருப்பிடிக்காது. ரத்தத்தைக் கெடுக்காது. ஒரு வருடம் ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக எடுக்கவும் வேண்டாம். அந்தச் சாம்பல் கோட்டை மட்டும் ஒருவர் வாயைத் திறந்து நேரில் பார்க்க வேண்டும்.

பெரியவர் சொன்னதும் பொய்யில்லை. அவருக்கு வைத்தது அநேகமாக எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளேட்டாக இருக்கும். அவர் கண்ணால் பார்த்த கரி உண்மையான கரிதான். அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும்.

துருவைப் பற்றிக் காசிமேட்டுக்காரருக்கு நான் பாடம் எடுக்க முடியாது. ஆனாலும் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். விசைப்படகில் போட்டிருக்கும் எஸ்.எஸ். போல்ட்டைப் பாருங்கள். தலை பளபளவென்று இருக்கும். நட்டைக் கழற்றி வாஷரை எடுத்துப் பாருங்கள். அடியில் பழுப்பாகக் கறை படிந்து, ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழி விழுந்திருக்கும். காசு கொடுத்து எஸ்.எஸ். வாங்கியும் இப்படியா என்று கடைக்காரரைத் திட்டுவோம். அவர்மேல் தப்பில்லை. எஸ்.எஸ்.ஸைக் காப்பாற்றுவது அதிலிருக்கும் குரோமியம். அது காற்றிலும் தண்ணீரிலும் இருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு மேலே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்ஸைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. கீறல் விழுந்தால் மறுபடி ஆக்ஸிஜனை எடுத்துத் தானே ஒட்டுப்போட்டுக்கொள்ளும். வாஷருக்கு அடியில் தேங்கும் உப்புத்தண்ணீருக்கு ஆக்ஸிஜன் வரத்து இல்லை. அங்கே படலம் கிழிந்தால் கிழிந்ததுதான். உப்பில் இருக்கும் குளோரைடு புகுந்து குடைய ஆரம்பித்துவிடும்.

நம் உடம்பும் உப்புத்தண்ணீர்தான். கடலில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு என்றால் உடம்பில் 0.9 பங்கு, ஏறத்தாழ நாலில் ஒன்று. கடல் அலையாவது உள்வாங்கும், உடம்பு உள்வாங்காது. 37 டிகிரி சூட்டில் இருபத்துநாலு மணி நேரமும் ஊறவேண்டியதுதான். புண்ணாகி வீங்கினால் இன்னும் மோசம். ரத்தத்தின் பி.ஹெச். 7.4, வீங்கிய திசுவுக்குள் அது அமிலப் பக்கம் இறங்கிவிடும். பிளேட்டின் துளையில் ஸ்க்ரூவின் தலை உட்காரும் இடம் இருக்கிறதே, அது அப்படியே உங்கள் படகின் வாஷர்தான். எடுத்த எஸ்.எஸ். பிளேட்டுகளைப் பார்த்தால் அரிப்பு அந்த இடத்தில்தான் இருக்கும். நடுப்பகுதி புதுசாட்டம் மின்னும்.

இதை மருத்துவர்கள் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆயிற்று. எலும்பை உலோகப் பட்டையால் இணைக்கும் பழக்கம் 1890-களிலேயே வந்துவிட்டது. அந்தக் காலத்துச் சாதா எஃகு உள்ளே துருப்பிடித்து, ஸ்க்ரூ தளர்ந்து, சீழோடு வெளியே வரும். உடம்பு உலோகத்தை "வெளியே தள்ளுகிறது" என்ற நம்பிக்கை அப்போது பிறந்ததுதான். பெரியவர் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1937-ல் அமெரிக்காவில் வெனபிள், ஸ்டக் முதலிய மருத்துவர்கள் நாய்களின் எலும்பில் விதவிதமான உலோக ஸ்க்ரூக்களை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கொன்று வேறான உலோகங்களை உடம்புக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பேட்டரிபோல் மின்னோட்டம் ஓடுகிறது, அதில் ஓர் உலோகம் கரைகிறது, அங்கே எலும்பு அரிக்கிறது என்று காட்டினார்கள். வைட்டாலியம் என்ற கோபால்ட்–குரோமியக் கலவை பேர் வாங்கியது அதற்கப்புறம்தான். டைட்டானியம் பிளேட்டில் எஸ்.எஸ். ஸ்க்ரூ போடக்கூடாது என்று இன்றும் நாங்கள் ஜாக்கிரதையாக இருப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது.

பிறகு வந்தது 316எல் என்ற எஸ்.எஸ். நல்ல எவர்சில்வர் பாத்திரத்தின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலிப்டினம் கொஞ்சம் சேர்த்து, கார்பனை நூற்றுக்கு 0.03-க்குள் அடக்கியிருப்பார்கள். மோசமான உலோகம் இல்லை. விலை குறைவு, முறுக்கினால் உடையாது. எலும்பு கூடும் வரைக்கும் தாங்கினால் போதும் என்றால் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிடும். வருடக்கணக்கில் உள்ளேயே விட்டால்தான் சில பேருக்குக் கரி படிகிறது. பெரியவர் அந்தச் சில பேரில் ஒருவர்.

டைட்டானியத்தின் சங்கதி வேறு. அதற்கும் ஆக்ஸைடு படலம்தான் காவல். ஆனால் அந்தப் படலம் உருவாகும் வேகத்துக்கு முன்னால் கண் சிமிட்டுவது எல்லாம் ரொம்ப நேரம். தடிமன் சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. உடம்பின் உப்பில் அது கிட்டத்தட்டக் கரைவதே இல்லை. கீறினாலும் மிகக் குறைந்த ஆக்ஸிஜனிலேயே மூடிக்கொள்கிறது. அண்ணனுக்கு வைத்த பிளேட்டைப் பார்த்திருந்தால் தங்க நிறமாகவோ நீலமாகவோ இருந்திருக்கலாம். பெயின்ட் என்று நினைக்க வேண்டாம். மின்சாரம் செலுத்தி அந்தப் படலத்தையே கொஞ்சம் தடிப்பாக்குகிறார்கள். மழைத்தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் வர்ணஜாலம் தெரிகிறதே, அதே ஒளி விளையாட்டு.

உடம்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை இன்னும் சுவாரசியம். பிளேட்டை எலும்பின்மேல் வைத்ததும் ரத்தம் அதை நனைக்கிறது. சில நொடிக்குள் ரத்தத்தின் புரதங்கள் அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றன. முதலில் ஆல்புமின் மாதிரி ஏராளமாக இருப்பவை. பிறகு அவற்றைத் தள்ளிவிட்டு ஃபைப்ரினோஜன் மாதிரிப் பசையுள்ளவை. ஆக, நம் செல்கள் வந்து சேரும்போது உலோகத்தை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. உலோகம் போர்த்தியிருக்கும் புரதப் போர்வையைத்தான் தொட்டுப் பார்க்கின்றன. அந்தப் போர்வை எப்படி மடிந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் வந்திருப்பது விருந்தாளியா திருடனா என்று முடிவு செய்கின்றன.

முதல் ஒன்றிரண்டு நாள் கிருமியைத் தேடி வரும் வெள்ளணுக்கள் மொய்க்கும். முகம் பந்துபோல் வீங்கியிருந்ததே, அந்த நேரம். அடுத்து வருவது மேக்ரோபேஜ் என்ற விழுங்குசெல். குப்பை, செத்த திசு, கிருமி எல்லாவற்றையும் தின்று தீர்ப்பது அதன் வேலை. பிளேட்டையும் தின்னப் பார்க்கும். முடியாது. பல செல்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பெரிய செல்லாக மாறியும் முயற்சி செய்யும். அப்போதும் முடியாவிட்டால், சரி, சுற்றிச் சுவர் எழுப்பிவிடலாம் என்று நார்த்திசுவால் உறை போட்டு மூடிவிடும். உள்ளங்காலில் உடைந்து தங்கிய முள்ளைச் சுற்றிக் காய்ப்பு கட்டுவதும் இதே கணக்குதான்.

இந்த உறை எவ்வளவு தடிப்பு, அதற்குள் எத்தனை செல் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் ஓர் உலோகம் உடம்புக்கு ஒத்துப்போகிறதா என்று மைக்ராஸ்கோப்பில் சொல்கிறோம். எஸ்.எஸ்.ஸைச் சுற்றி உறை கொஞ்சம் தடிப்பாக இருக்கும். டைட்டானியத்தின் மேல்பக்கம், அதாவது தசையும் ஈறும் தொடும் பக்கம், மெல்லிசாக ஓர் உறை, செல்கள் அதிகம் இல்லாமல் அமைதியாக இருக்கும். எலும்பைத் தொடும் பக்கத்திலோ, ஸ்க்ரூவின் மரைக்குள் எலும்பே வளர்ந்து புகுந்துவிடும். நடுவில் நார்த்திசு இருக்காது.

இதைக் கண்டுபிடித்தது எதேச்சையாகத்தான். 1952-ல் சுவீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவர் எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க முயலின் காலெலும்பில் டைட்டானியத்தால் செய்த ஒரு குட்டி ஜன்னலைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து ஜன்னலைக் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தது. விலையுயர்ந்த ஜன்னல் போயிற்றே என்று நொந்துகொண்டதோடு நிறுத்தியிருந்தால் அவ்வளவுதான். அவர் விடவில்லை. 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் டைட்டானியம் ஸ்க்ரூக்களை இறக்கிப் பல் கட்டினார். லார்சன் 2006-ல் இறக்கும் வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அவை வேலை செய்தன. ரத்தத்தில் கலந்துவிடும் என்ற பயத்துக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் லார்சன்தான்.

நானே பார்த்த இரண்டைச் சொல்கிறேன். ஒருவருக்கு டைட்டானியம் வைத்து ஆறேழு வருடம் கழித்து, பல்செட் அந்த இடத்தில் அழுத்துகிறது என்பதற்காக எடுக்க வேண்டியிருந்தது. ஈறை விலக்கிப் பார்த்தால் பிளேட்டைக் காணோம். மேலே எலும்பு வளர்ந்து மூடியிருக்கிறது. உளியால் மெதுவாகத் தட்டித் தட்டித்தான் ஸ்க்ரூவின் தலையைக் கண்டுபிடித்தோம். திருகினால் 'கிரீச்' என்று சத்தம், பழைய தேக்குக் கதவின் கீலிலிருந்து வருவது மாதிரி. பிளேட்டைத் தூக்கியதும் அடியில் எலும்பில் அதன் அச்சு, துளைகள் முதற்கொண்டு, அரக்கில் முத்திரை வைத்ததுபோல் இருந்தது. வெள்ளை எலும்பு, சுத்தமான ரத்தம்.

இன்னொருவர் வேறெங்கோ எஸ்.எஸ். வைத்துக்கொண்டு வெகுகாலம் கழித்து வந்தவர். கன்னத்தில் அவ்வப்போது வீக்கம். திறந்ததும் சாம்பலும் கறுப்புமாகத் திசு, தொட்டால் கையுறையில் மை ஒட்டியதுபோல் ஒட்டுகிறது. நாலு ஸ்க்ரூவில் இரண்டுக்கு ஸ்க்ரூடிரைவரே தேவைப்படவில்லை, இடுக்கியால் பிடித்ததும் கையோடு வந்துவிட்டன. அந்த இரண்டைச் சுற்றித்தான் கறுப்பு அதிகம். மற்ற இரண்டும் இறுக்கமாக இருந்தன. அங்கே கறை மிகக் குறைவு. ஒரே ஆள், ஒரே உலோகம், ஒரே பிளேட்டு. வித்தியாசம் எங்கே என்று யோசித்துப் பாருங்கள்.

ஆடிய ஸ்க்ரூ கறுத்தது, ஆடாதது கறுக்கவில்லை. உலோகம் என்ன என்பதைவிட அது ஆடாமல் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆடினால் உலோகத்தின்மேல் உலோகம் உரசும். உரசினால் ஆக்ஸைடு படலம் கிழிந்துகொண்டே இருக்கும், தூள் உதிரும். டைட்டானியமும் இதற்கு விதிவிலக்கில்லை. வைக்கும்போதே பிளேட்டைக் குறட்டால் வளைக்கிறோம், ஸ்க்ரூவை முறுக்கி இறக்குகிறோம். அப்போதே கொஞ்சம் தூள் விழும். அதனால்தான் எந்தக் குறையும் இல்லாத டைட்டானியம் பிளேட்டைச் சுற்றியுள்ள திசுவைக்கூட மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், விழுங்குசெல்களுக்குள் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். கழுத்து நெரிக்கட்டிகளில்கூட இந்தத் துகள்களைப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்சமாக இருந்தால் செல்கள் விழுங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்.

தூள் நிறைய ஆனால்தான் வினை. நம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சென்னைத் துறைமுகத்தில் 2011 வரை நிலக்கரி இறக்கினார்களே, அப்போது ராயபுரத்தில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்களுக்கு எல்லாம் தெரியும். கட்டியாகக் கிடக்கும் நிலக்கரி யாரையும் ஒன்றும் செய்ததில்லை. காற்றில் பறந்த பொடிதான் துணியையும் நெஞ்சையும் கெடுத்தது. உடம்புக்குள்ளும் அதே கதை. கட்டியாக இருக்கும்வரை சாதுவாக இருக்கும் பொருள் விழுங்குசெல்லின் வாய்க்குள் நுழையும் அளவுக்குப் பொடியானால், அந்தச் செல் வெறிபிடித்ததுபோல் ரசாயனங்களைக் கக்கும். அது எலும்பைத் தின்னும் செல்களை எழுப்பிவிடும். ஸ்க்ரூ இன்னும் தளரும், இன்னும் தூள் வரும்.

இதன் உச்சக்கட்டத்தை 1980-களில் அமெரிக்காவில் பார்த்தார்கள். காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டில், தேய்ந்த சவ்வுக்குப் பதிலாக டெஃப்லான் பூசிய ஒரு தகட்டை ஆயிரக்கணக்கானோருக்கு வைத்தார்கள். டெஃப்லான் எதனோடும் ஒட்டாத, வினைபுரியாத பொருள் ஆயிற்றே, என்ன ஆகப்போகிறது என்ற நம்பிக்கை. ஆனால் மூட்டு ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அசையும் இடம். தகடு தேய்ந்து பொடியானது. பொடியைத் தின்ன பெரிய செல்கள் கூட்டமாக வந்து மூட்டு எலும்பையே அரித்தன. சிலருக்கு மண்டையோட்டின் அடித்தளம் வரைக்கும் போனது. 1990–91-ல் அரசே தலையிட்டுத் திரும்பப் பெறவைத்தது. அது உலோகம் இல்லைதான். ஆனாலும் பிளேட்டைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வரும்.

ஆடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பிளேட்டை எங்கே வைப்பது என்றே ஒரு சாஸ்திரம் இருக்கிறது. பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தின் ஷாம்ப்பி என்ற மருத்துவர் 1970-களில் வகுத்தது. கடிக்கும்போது தாடையின் மேல்விளிம்பு பிளக்கப் பார்க்கும், கீழ்விளிம்பு நெருக்கும். பிளக்கும் கோட்டில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள சின்னப் பிளேட்டு வைத்தாலே போதும் என்றார். முன்தாடையில் முறுக்கு விசையும் சேர்வதால் அங்கே இரண்டு. அண்ணனுக்கு முன்னால் இரண்டும் மூலையில் ஒன்றும் வைத்திருப்பது இந்தக் கணக்குதான். (இடது மூலையும் வலது முன்பக்கமும் சேர்ந்து உடைவது வலது கைக் குத்தின் கையெழுத்து. தாடை வளையல் மாதிரி, பெரும்பாலும் ஒரு இடத்தில் மட்டும் உடையாது. எக்ஸ்ரேயைப் பார்த்தே எந்தக் கையால் குத்தினார் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.)

இன்னொரு விஷயம் சூடு. ஸ்க்ரூவுக்குத் துளை போடும்போது எலும்பு 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் இருந்தாலே அந்த இடம் செத்துவிடும். செத்த எலும்பில் ஸ்க்ரூ நிற்காது. துளை போடும்போது பக்கத்தில் ஒருவர் சலைன் ஊற்றிக்கொண்டே இருப்பது அதற்குத்தான். வைத்துச் சில வாரத்திலேயே ஸ்க்ரூ தளர்ந்தால் உடம்பு உலோகத்தை ஏற்கவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். பாதி நேரம் துளை போட்ட கைமேல் சந்தேகப்பட வேண்டும். என் கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த வில்லன் கிருமி. வாய்க்குள் கிருமி இல்லாத இடமே கிடையாது. பிளேட்டு உள்ளே போனதும் அதன் மேற்பரப்புக்காக ஒரு பந்தயம் நடக்கிறது. நம் செல்கள் முதலில் போய்ப் படிந்தால் அந்த இடம் நமக்கு. கிருமி முதலில் போனால் பாசிபோல் கொழகொழவென்று ஒரு படலம் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் வெளியே திரிவது சாகும், படலத்துக்குள் இருப்பது பிழைத்துக்கொள்ளும். மாத்திரை சாப்பிடும்வரை வீக்கம் அடங்கி, நிறுத்தினதும் திரும்ப வருவது இதனால்தான். தாடைப் பிளேட்டுகளை எடுக்க நேர்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவும், ஈறு கிழிந்து பிளேட்டு வெளியே தெரிவதும், ஸ்க்ரூ தளர்வதும்தான். உலோகம் ஒத்துக்கொள்ளாமல் எடுத்தது ரொம்ப அபூர்வம். பீடி, சிகரெட், வாயில் அதக்கும் புகையிலை மூன்றும் இந்தப் பந்தயத்தில் கிருமிக்குத்தான் ஓட்டுப் போடும். அண்ணனிடம் இதை நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார், டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

இப்போது அந்தச் சாம்பல் கோடு. மூலைப் பிளேட்டு உட்காரும் எலும்பு மேட்டில் ஈறு மிக மெல்லிசு. அடியில் இருக்கும் உலோகம் மெல்லிய ஈறு வழியாகச் சாம்பலாகத் தெரிவதாக இருக்கலாம். வெள்ளைச் சட்டைக்குள் கறுப்பு பனியன் தெரிவதுபோல. நான் முன்னால் சொன்ன தூள் ஈறில் தங்கியதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் அவசரம் இல்லை. ஆனால் ஈறில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்து உலோகமே எட்டிப் பார்க்கிறது என்றால் அது வேறு. சுத்தமான விரலால் அந்த இடத்தை மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். வலிக்கிறதா, உப்புக்கரிக்கிற மாதிரியோ கெட்ட வாடையோடோ ஏதாவது கசிகிறதா, நாக்கு நுனிக்கு வழவழவென்று இல்லாமல் சுரசுரவென்று ஏதாவது தட்டுப்படுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே போக வேண்டும். மூன்றும் இல்லையென்றாலும் இந்த மாதத்துக்குள் ஒரு தடவை காட்டிவிடுங்கள். ஓ.பி.ஜி. என்று முழுத்தாடைக்கும் சேர்த்து ஓர் எக்ஸ்ரே எடுப்பார்கள். ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால் எலும்பு அரித்திருக்கிறது என்று பொருள். கடைவாயில் ஞானப்பல் உடைவுக்குள் இருந்ததா, அதை அப்போது பிடுங்கினார்களா, விட்டார்களா என்பதையும் கேளுங்கள். அந்த மூலையில் வரும் தொல்லைக்குப் பல நேரம் பிளேட்டைவிட அந்தப் பல்தான் காரணம்.

மார்கழி வலிக்கு வருகிறேன். நம் ஊர்க் குளிர் எவ்வளவு என்று நமக்கே தெரியும், இருபது டிகிரிக்குக் கீழே போனால் செய்தித்தாளில் வந்துவிடும். இருந்தாலும் வலி உண்மைதான். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு உடைவில் நசுங்கியிருக்கும். அது குணமாகிற காலத்தில் குளிர்ந்த காற்றுக்கும் சில்லென்ற தண்ணீருக்கும் குடைச்சல் கொடுக்கும். கீழுதட்டில் மதமதப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் இந்த ஊகம் சரி. தழும்பு இழுப்பதும், கடிக்கும் தசை இறுகுவதும் சேர்ந்துகொள்ளும். பிளேட்டை எடுத்ததும் குளிர் வலி போய்விட்டது என்பவர்களும் இருக்கிறார்கள், போகாதவர்களும் இருக்கிறார்கள். அதனால் இதற்காக மட்டும் கத்தி வைக்க நான் அவசரப்படமாட்டேன்.

அலர்ஜி என்று இன்னொரு பயம் உண்டு. அது நிக்கலுக்கு. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும் அக்கா, அத்தை எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். 316எல் எஸ்.எஸ்.ஸில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்குக்கு மேல் நிக்கல் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் ஆபரேஷனுக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பிளேட்டுக்குப் பயன்படும் டைட்டானியத்தில் நிக்கல் சேர்ப்பதில்லை. டைட்டானியத்துக்கே அலர்ஜி என்பது கேள்விப்படும் அளவுக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

புற்றுநோய் வருமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. 'ரத்தத்தில் கலக்கும்' என்பதன் பின்னால் அதுதான் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். எலிக்குத் தோலுக்கடியில் வழவழப்பான எந்தத் தகட்டை வைத்தாலும், அது பிளாஸ்டிக்காக இருந்தாலும், கட்டி வரலாம். அது எலியின் சுபாவம். மனிதர்களுக்கு உலகமெங்கும் இத்தனை கோடி உலோகம் வைத்தும் அந்த மாதிரி ஒரு தொடர்பு நிலைநாட்டப்படவில்லை. உண்மையில் கதை தலைகீழ். நம் பக்கத்தில் பெரிய தாடைப் பிளேட்டு பலருக்கு வைக்கப்படுவதே, புகையிலையால் வந்த வாய்ப் புற்றுநோயில் தாடையை வெட்டியெடுத்த பிறகு. அவர்களுக்குப் பிளேட்டும் தடிப்பு, மேலே கதிர்வீச்சும் உண்டு. கதிர் பட்ட திசுவுக்கு ரத்த ஓட்டம் குறைந்து தோல் மெலியும். உலோகத்தில் பட்டுச் சிதறும் கதிர் அதை ஒட்டிய திசுவுக்கு இன்னும் கொஞ்சம் சூடு வைக்கும். கன்னத்தைத் துளைத்துக்கொண்டு பிளேட்டு வெளியே வருவதை அதிகம் பார்ப்பது அவர்களிடம்தான். அது வேறு பெரிய பேச்சு, அண்ணனுக்குச் சம்பந்தமில்லை.

இன்னொரு பயம், பிளேட்டின் விறைப்பு. எலும்பின் விறைப்பு 15 முதல் 20 என்று வைத்தால் டைட்டானியம் 110, எஸ்.எஸ். 200 பக்கம். விறைப்பான பிளேட்டு எல்லாப் பாரத்தையும் தானே தாங்கினால், வேலையில்லாத எலும்பு மெலியும் என்பார்கள். தொடையெலும்பில் இது பெரிய பிரச்சினை. அண்ணனுக்கு வைத்திருக்கும் சின்னப் பிளேட்டுக்கு அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன்.

அப்படியென்றால் எப்போதுதான் எடுப்பது? கிருமி பிடித்தால், வெளியே தெரிந்தால், ஸ்க்ரூ ஆடினால், பல்செட்டுக்கு இடைஞ்சலாக இருந்தால், வளரும் குழந்தையாக இருந்தால் எடுப்போம். எஸ்.எஸ்.ஸாக இருந்து வயதும் குறைவாக இருந்தால் எலும்பு கூடியபின் எடுத்துவிடுவதே நல்லது என்பது என் பழக்கம். டைட்டானியத்தைச் சும்மா இருக்கும்போது சீண்டுவதில்லை. எடுப்பதும் ஓர் ஆபரேஷன்தான். மயக்க மருந்து உண்டு, நரம்பு பக்கத்தில் இருக்கிறது, எலும்பு மூடியிருந்தால் உளியும் வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்றால், டைட்டானியம் காந்தத்துக்கு இழுபடாது, படத்தில் அந்த இடம் மட்டும் கலங்கலாகத் தெரியும். எடுக்குமுன் பிளேட்டு இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டை அதற்காகவாவது பத்திரமாக வையுங்கள்.

பெரியவருக்குக் கோபம் வராமல் சொல்வது உங்கள் சாமர்த்தியம். "உங்களுக்கு வெச்சது வேற, இவருக்கு வெச்சது வேற தாத்தா" என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

அண்ணன் மறுபடி ரிங்குக்குள் இறங்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, பேட் பிடிப்பது, பையில் குத்துவது எல்லாம் செய்யட்டும். முகத்தில் குத்து வாங்குவதை மட்டும் ஓ.பி.ஜி. பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மறுபடி அடிபட்டால் பிளேட்டு முடியும் இடத்தில் எலும்பு உடைய வாய்ப்பு இருக்கிறது. பல்லுக்கு கார்டு கடையில் வாங்கும் ரெடிமேட் வேண்டாம். இந்தத் தாடைக்கு அளவெடுத்துச் செய்ததுதான் சரிப்படும். கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரே அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் விசாரித்துப் பாருங்கள். போகும்போது அந்தச் சாம்பல் கோட்டையும் அங்கேயே காட்டிவிடலாம், ஒரே நடையில் இரண்டு வேலையும் முடியும்.